யாரைக் காப்பாற்றுவது? சீக்கிரம் சொல்லுங்கள்!

பெரியவர்கள் மட்டும் ஆடும் ஒரு கதை விளையாட்டின் நிறையும் குறையும்

ஒரு மருந்துக் கடை. வெளியே பிணங்கள் கதவை இடித்துக்கொண்டிருக்கின்றன.

கடைக்குள் இரண்டு பேர் ஒரே சமயத்தில் ஆபத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். ஒருவன், டக் என்ற வாலிபன். சன்னல் வழியாக நீண்ட கைகள் அவனைப் பிடித்து வெளியே இழுக்கின்றன. இன்னொருத்தி, கார்லி என்ற பெண். அவள் காலை ஒரு பிணம் பற்றிக்கொண்டது. கையில் துப்பாக்கி இருக்கிறது, குண்டு தீர்ந்துவிட்டது.

இரண்டு பேரையும் காப்பாற்ற முடியாது. ஒருவரைத்தான் காப்பாற்றலாம். யோசித்துக்கொண்டு நின்றால் காரியம் கெட்டுவிடும்.

யாரைக் காப்பாற்றுவது?

இதைத் தீர்மானிக்க வேண்டியவர் கதையை எழுதியவர் அல்ல. எதிரே உட்கார்ந்து கதையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்!

இப்படி ஆளை உள்ளே இழுத்துப் போடும் விளையாட்டு ஒன்று 2012-ம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. அதன் பெயர் "தி வாக்கிங் டெட்". "நடமாடும் பிணங்கள்" என்று சொல்லலாம். கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் ஆடக்கூடிய கதை விளையாட்டு இது. குழந்தைகளுக்கு உரியது அல்ல. 17 வயது நிரம்பியவர்களுக்குத்தான் என்று அமெரிக்காவில் முத்திரை குத்தினார்கள். ஐரோப்பாவில் 18 வயது.

அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் நடந்த விளையாட்டுப் பரிசு விழாவில், "ஆண்டின் சிறந்த விளையாட்டு" என்ற பரிசு இதற்குக் கிடைத்தது. மறு ஆண்டு, 2013-ல், பிரிட்டிஷ் பாப்டா கழகம் சிறந்த கதைக்கான பரிசைக் கொடுத்தது.

பரிசுகள் வந்தன. கூடவே ஒரு குற்றச்சாட்டும் வந்தது. "முடிவு செய்யும் உரிமை எங்களுக்கு என்று சொல்லிவிட்டு, எங்களை ஏமாற்றிவிட்டார்கள்" என்பதுதான் அந்தக் குற்றச்சாட்டு.

அது உண்மையா?

சிறைக்குப் போகும் பேராசிரியர்

கதையின் நாயகன் பெயர் லீ எவரெட். கல்லூரியில் சரித்திரம் கற்பித்தவர். படித்தவர், பண்பானவர். ஆனால் அவர் ஒரு கொலைக் குற்றவாளி. தம் மனைவியோடு கள்ள உறவு வைத்திருந்த ஓர் அரசியல்வாதியைக் கொன்றுவிட்டார்.

கதை தொடங்கும்போது லீ ஒரு போலீஸ் காரில் விலங்கோடு உட்கார்ந்திருக்கிறார். ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா நகரை விட்டுச் சிறைச்சாலைக்குப் போகும் வழி. நடுவழியில் கார் கவிழ்கிறது. அந்த நேரத்தில்தான் ஊர் முழுதும் செத்தவர்கள் எழுந்து நடக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களிடம் கடி பட்டவர்கள் சாகிறார்கள். செத்ததும் அவர்களும் எழுந்து கடிக்க வருகிறார்கள்.

லீ ஓடிப்போய் ஒரு வீட்டுத் தோட்டத்தில் நுழைகிறார். அங்கே மரத்தின்மேல் கட்டிய சின்ன வீட்டில் ஒரு சிறுமி ஒளிந்திருக்கிறாள். கிளமென்டைன் என்று பெயர். வயது எட்டு. அவளுடைய தாய் தந்தையர் சவானா நகருக்குப் போனவர்கள் திரும்பவில்லை.

அந்தச் சிறுமியைத் தனியே விட்டுவிட்டுப் போக லீக்கு மனம் வரவில்லை. அன்று முதல் அவள் அவருடைய பொறுப்பு. அதாவது, ஆடுபவருடைய பொறுப்பு!

இந்தக் கதைக்கு மூலம், ராபர்ட் கிர்க்மன் எழுதி 2003-ல் தொடங்கிய சித்திரக்கதை. லீயும் கிளமென்டைனும் அதில் இல்லாதவர்கள். விளையாட்டுக்கென்றே உண்டாக்கப்பட்டவர்கள். கலிபோர்னியாவில் இருந்த "டெல்டேல்" என்ற கம்பெனி இதைத் தயாரித்தது. 2012 ஏப்ரலில் தொடங்கி நவம்பருக்குள் ஐந்து பாகங்களாக வெளியிட்டார்கள். பத்திரிகைத் தொடர்கதை போல, ஒவ்வொரு பாகமும் ஆவலைத் தூண்டும் இடத்தில் முடிந்தது.

பேசாமல் இருப்பதும் பதில்

விளையாட்டு என்றால் சுடுவதும் குதிப்பதும்தானே என்று நினைக்கலாம். இதில் முக்கியமான வேலை பேசுவதுதான்.

யாராவது லீயிடம் ஏதாவது கேட்பார்கள். திரையின் அடியில் நான்கு பதில்கள் தோன்றும். உண்மையைச் சொல்லலாம். பொய் சொல்லலாம். கோபப்படலாம். நான்காவது பெரும்பாலும் வெறும் புள்ளிகளாக இருக்கும். பேசாமல் இருப்பது என்று அதற்கு அர்த்தம்.

பதில்களின் கீழே ஒரு கோடு சுருங்கிக்கொண்டே வரும். அது தீர்ந்துவிட்டால் நேரம் போய்விட்டது. வாய் திறக்காமல் இருந்ததே உங்கள் பதிலாகிவிடும்.

"நீர் யார்? அந்தச் சிறுமி உமக்கு என்ன உறவு?" என்று புதியவர் ஒருவர் கேட்கிறார். கொலைக் குற்றவாளி என்று சொல்வதா? அவளுடைய தந்தை என்று பொய் சொல்வதா? அவளைக் கவனித்துக்கொள்பவன் என்று மழுப்புவதா? பக்கத்தில் அந்தச் சிறுமியே நிற்கிறாள். எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அப்போது திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு வரும். கிளமென்டைன் இதை மறக்கமாட்டாள் என்பது அதன் சாரம்.

அந்த ஒரு வரிக்கு இருக்கும் பலம் கொஞ்சம் அல்ல. துப்பாக்கியைக் கண்டு பயப்படாதவர்கள், குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறது என்றதும் நிதானிக்கிறார்கள். இந்த விளையாட்டின் முதல் சிறப்பு இதுதான்.

நாலு பங்கு, பல வயிறு

இரண்டாவது பாகத்தில் ஒரு காட்சி. ஒரு பழைய விடுதியில் சிலர் சேர்ந்து தங்கியிருக்கிறார்கள். மாதங்கள் ஓடிவிட்டன. உணவு இல்லை. அன்றைக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் வேலை லீயிடம் வருகிறது.

கையில் இருப்பது நாலே பங்கு. கூட்டத்தில் பாதிப் பேருக்குக்கூடப் போதாது.

இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுத்தால் மீதி இரண்டு. காவல் நிற்பவன் பசியில் மயங்கினால் எல்லோருக்கும் ஆபத்து. லாரி என்ற கிழவர் எப்போதும் லீயைத் திட்டிக்கொண்டே இருப்பவர். அவருக்கும் பசிதான். லீ சாப்பிட்டே எவ்வளவோ நேரமாயிற்று.

கொடுத்தவர்கள் நன்றி சொல்கிறார்கள். கிடைக்காதவர்கள் வெறித்துப் பார்க்கிறார்கள். இங்கே சண்டை இல்லை, பிணம் இல்லை. ஆனால் ஆடியவர்கள் நெடுநாள் பேசிக்கொண்டிருந்த காட்சிகளில் இது ஒன்று. ரேஷன் வரிசையில் நின்றவர்களுக்கும், பெரிய குடும்பத்தில் சோறு பரிமாறியவர்களுக்கும் இதன் கஷ்டம் புரியும்.

நல்லவன் வெல்வான், கெட்டவன் தோற்பான் என்ற கணக்கு இந்தக் கதையில் கிடையாது. இரண்டு பதிலும் பாதி சரி, பாதி தவறு என்று இருக்கும். "பெரியவர்களுக்கான கதை" என்ற பெயர் ரத்தத்தால் மட்டும் வந்தது அல்ல. இதனாலும் வந்தது.

இரண்டு பாதை, ஒரே ஊர்

இனி குற்றச்சாட்டுக்கு வருவோம்.

முதல் பாகத்தில் ஒரு பண்ணை. அங்கே ஒரு வாலிபன் டிராக்டரின் அடியில் மாட்டிக்கொள்கிறான். பக்கத்தில் ஒரு சிறுவனைப் பிணம் பிடித்துவிட்டது. யாரிடம் ஓடுவது என்று விளையாட்டு கேட்கிறது.

சிறுவனிடம் ஓடினால் வாலிபன் சாகிறான். வாலிபனிடம் ஓடினாலும் வாலிபன் சாகிறான்! சிறுவனை அவனுடைய தந்தை கென்னி வந்து காப்பாற்றிவிடுகிறார்.

இரண்டாம் பாகத்தில் எல்லோரும் ஒரு குளிர் அறையில் அடைபட்டுக் கிடக்கும்போது, கிழவர் லாரிக்கு மாரடைப்பு வருகிறது. அவர் செத்தால் பிணமாக எழுந்து எல்லோரையும் கடிப்பார். "இப்போதே தலையை நசுக்கிவிட வேண்டும்" என்கிறார் கென்னி. "அப்பா சாகவில்லை, காப்பாற்றுங்கள்" என்று கதறுகிறாள் மகள் லில்லி. யார் பக்கம் நிற்பது?

எந்தப் பக்கம் நின்றாலும் கென்னி நசுக்கத்தான் செய்கிறார்.

மருந்துக் கடையில் காப்பாற்றினோமே, கார்லியையோ டக்கையோ, அவர் கதி என்ன? மூன்றாவது பாகத்தில் லில்லியின் துப்பாக்கிக்குப் பலி. கார்லியைக் காப்பாற்றியிருந்தால் கார்லி சாவாள். டக்கைக் காப்பாற்றியிருந்தால் டக் சாவான்.

ஆடுபவரின் முடிவுக்கு ஏற்பக் கதை மாறும் என்று தொடக்கத்திலேயே திரையில் எழுதிக் காட்டுகிறார்கள். ஒரு தடவை ஆடுபவர் அதை நம்பிவிடுவார். இரண்டாம் தடவை வேறு பதில்களைச் சொல்லி ஆடுபவருக்குச் சாயம் வெளுத்துவிடும். வாக்குறுதி பெரியது, கொடுத்தது சிறியது. இந்த விளையாட்டின் பெரிய குறை இதுதான்.

கணக்கு இடிக்கிறது

ஏன் இப்படிச் செய்தார்கள்? சோம்பேறித்தனமா?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் இடத்தில் கதை இரண்டாகப் பிரிந்தால் இரண்டு கதை. அந்த இரண்டும் மறுபடி பிரிந்தால் நான்கு. பத்து இடத்தில் பிரிந்தால் 1,024 கதைகள். இருபது இடத்தில் பிரிந்தால் 10,48,576 கதைகள்!

ஒவ்வொன்றுக்கும் படம் வரைய வேண்டும். வசனம் எழுத வேண்டும். நடிகர்கள் பேச வேண்டும். எந்தக் கம்பெனியாலும் முடியாது. ஆகவே பிரிந்த பாதைகளைக் கொஞ்ச தூரத்தில் மீண்டும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள்.

இந்த உபாயம் புதியது அல்ல. 1967-ம் ஆண்டு கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரில் ஓர் உலகக் கண்காட்சி நடந்தது. செக்கோஸ்லோவாகியா அரங்கில் "கினோஆட்டோமாட்" என்ற அதிசய சினிமாவைக் காட்டினார்கள். ராடூஸ் சின்சேரா என்பவருடைய யோசனை அது. ஒவ்வொரு ஆசனத்திலும் சிவப்பு, பச்சை என இரண்டு பொத்தான்கள். படம் நடுவில் நிற்கும். மேடைக்கு ஒருவர் வந்து, "கதாநாயகன் இப்போது என்ன செய்யலாம்?" என்று கேட்பார். சபையோர் பொத்தானை அழுத்தி ஓட்டுப் போடுவார்கள்.

அந்தப் படம் ஒரு கட்டடம் தீப்பற்றி எரிவதோடு தொடங்கும். அப்புறம் முன்கதை. சபையோர் எப்படி ஓட்டுப் போட்டாலும் கடைசியில் கட்டடம் எரியும்! எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கதை ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும்படி எடுத்திருந்தார்கள்.

45 ஆண்டு கழித்து டெல்டேல் கம்பெனி செய்ததும் அதையேதான்.

வேறு வழியே இல்லையா என்றால், உண்டு. பிரெஞ்சுக் கம்பெனி ஒன்று 2010-ல் வெளியிட்ட "ஹெவி ரெய்ன்" என்ற விளையாட்டில், முக்கிய பாத்திரங்கள் பாதியில் இறந்துபோனாலும் அவர்கள் இல்லாமலே கதை மேலே நடக்கும். முடிவுகளும் பல. ஆகவே, முடியாது என்று முழுவதும் தட்டிக்கழிக்கவும் முடியாது.

இன்னும் சில குறைகள்

கையாலும் கண்ணாலும் சாமர்த்தியம் காட்ட நினைப்பவர்களுக்கு இதில் வேலை குறைவு. அவ்வப்போது ஒரு பொத்தானை வேகமாக அழுத்தச் சொல்வார்கள். சில இடங்களில் பொருள்களைத் தேடி எடுக்க வேண்டும். அவ்வளவுதான். "இது விளையாட்டா, சினிமாவா?" என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டதில் தவறு இல்லை.

திரையில் தோன்றும் பதில் இரண்டு மூன்று வார்த்தைதான். அதை அழுத்தியதும் லீ பேசும் வசனம் சில சமயம் நினைத்ததைவிடக் கடுமையாக இருக்கும். "நான் அப்படிச் சொல்ல நினைக்கவில்லையே!" என்று ஆடுபவர் திகைப்பார்.

நினைவில் வைத்திருப்பார்கள் என்று அறிவித்த பல விஷயங்கள் பிறகு தலைகாட்டுவதே இல்லை. முந்தைய பாகத்தில் செய்த முடிவுகள் அடுத்த பாகத்தில் காணாமற்போய்விட்டன என்றும் பலர் புகார் செய்தார்கள். முடிவுகளையே மூலதனமாகக் கொண்ட விளையாட்டுக்கு இது சின்னக் குறை அல்ல.

பேச்செல்லாம் ஆங்கிலம். கோடு சுருங்குவதற்குள் நான்கு பதிலையும் படித்துவிட வேண்டும். ஆங்கிலம் சரளமாக வராதவர்கள், சொல்ல நினைத்ததைத் தேடுவதற்குள் நேரம் முடிந்து ஊமையாகிவிடுவார்கள்.

ரத்தக் காட்சிகளுக்குக் குறைவில்லை. நரமாமிசம் சமைக்கும் குடும்பம் ஒன்று வருகிறது. ஒரு சிறுவன் கடி பட்டுச் சாகிறான். அவனுடைய தாய் துக்கம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். மனம் நொந்திருப்பவர்கள் பார்க்கக்கூடிய காட்சிகள் அல்ல இவை.

அப்படியானால் எதுதான் மாறுகிறது?

கதை மாறவில்லை. சாகவேண்டியவர்கள் சாகிறார்கள். பிறகு ஏன் இத்தனை பேர் இதை மனத்தில் வைத்துக்கொண்டார்கள்?

ஒவ்வொரு பாகமும் முடிந்ததும் திரையில் ஒரு கணக்கு வரும். இந்த முடிவை எடுத்தவர்கள் நூற்றுக்கு இத்தனை பேர், அந்த முடிவை எடுத்தவர்கள் இத்தனை பேர் என்று. தாம் செய்ததை எண்ணி ஆடியவர் தனியே உட்கார்ந்து யோசிப்பார். "நான் ஏன் அப்படிச் செய்தேன்?" என்ற கேள்வி எழும். கென்னி எப்படியும் கிழவரைக் கொல்லத்தான் போகிறார். ஆனால் அந்தத் தீர்மானத்தை எடுக்கும்போது ஆடுபவருக்கு அது தெரியாது. கொல்லலாம் என்று சொன்ன வாய் அவருடையது. அதை யாரும் மாற்ற முடியாது.

இந்த இடத்தில் கதாசிரியர்கள் ஒரு கெட்டிக்கார வேலை செய்திருக்கிறார்கள்.

இரண்டாம் பாகத்தின் முடிவில், காட்டில் ஒரு கார் அநாதையாக நிற்கிறது. உள்ளே நிறைய உணவு. யாருடையதோ! எடுக்கலாமா? லீ வேண்டாம் என்றாலும் மற்றவர்கள் எடுத்துவிடுகிறார்கள்.

ஐந்தாம் பாகத்தில் அந்தக் காரின் சொந்தக்காரன் வருகிறான்! உணவு போனதால் அவனுடைய குடும்பம் அழிந்துவிட்டது. பழி வாங்குவதற்காகக் கிளமென்டைனைக் கொண்டுபோய்விடுகிறான். சவானா நகரில் ஓர் ஓட்டல் அறையில் லீயை உட்கார வைத்து, அதுவரை அவர் செய்ததை எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்கிறான்.

ஆடியவர் மறந்துபோன காரியங்களை எல்லாம் முன்னே எடுத்து வைக்கிறான். பதில் சொல்லவேண்டும். அந்த விசாரணையில் தப்பிக்க எந்தப் பொத்தானும் இல்லை.

கடைசிப் பாடம்

லீயின் முடிவும் முன்பே எழுதப்பட்டுவிட்டது. நான்காம் பாகத்தின் முடிவில் அவரைப் பிணம் கடித்துவிடுகிறது. கடி பட்ட கையை வெட்டிக்கொள்ளலாம், வெட்டாமலும் இருக்கலாம். இரண்டிலும் அவர் பிழைப்பதில்லை.

ஆனால் ஒன்று மட்டும் அவர் கையில் இருக்கிறது. சிறுமிக்கு என்ன சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறார் என்பது.

ரயிலில் போகும்போது, அவளுக்குத் தற்காப்புக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று ஒரு நாடோடி எச்சரிக்கிறார். லீ அவளுடைய முடியைக் குட்டையாக வெட்டிவிடுகிறார். பிணம் பற்றி இழுக்காமல் இருப்பதற்காக. துப்பாக்கி பிடிக்கவும் கற்றுக்கொடுக்கிறார்.

கடைசியில், நினைவு தப்பப்போகும் நேரத்தில், அவர் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பிணமாக மாறுவதற்கு முன் என்னைச் சுட்டுவிடு என்று சொல்வதா? விட்டுவிட்டுப் போய்விடு என்று சொல்வதா? அந்தக் குழந்தையின் மனத்தில் எந்தப் பாரத்தை ஏற்றி வைப்பது?

அந்த முடிவால் லீயின் உயிர் மீளாது. ஆனால் அதைத் தீர்மானிக்கும்போது பெரியவர்கள் பலர் அழுதார்கள். லீயாகக் குரல் கொடுத்த டேவ் பென்னாயும், கிளமென்டைனாகக் குரல் கொடுத்த மெலிசா ஹட்சிசனும் அந்தக் காட்சியில் பேசியிருப்பது உயர்ந்த நடிப்பு.

விதியா, மதியா என்ற பட்டிமன்றத்துக்கு இந்த விளையாட்டு ஒரு பதில் வைத்திருக்கிறது. என்ன நடக்கும் என்பது விதி. நடக்கும்போது எப்படி நடந்துகொள்கிறோம் என்பது மதி. பிள்ளை வளர்த்த யாருக்கும் இந்தப் பதிலில் அதிசயம் இராது.

கம்பெனியின் கதை

வெற்றி கண்ட கம்பெனி அதே வார்ப்பில் பல கதைகளை வார்த்தது. "கேம் ஆப் த்ரோன்ஸ்", "பேட்மேன்" என்று பிரபலமான பெயர்கள் வந்தன. கதை வேறு, சூத்திரம் ஒன்றே. பதில் சொல்; நினைவில் வைப்பார்கள்; பாதை சேரும். ஆடுபவர்கள் சூத்திரத்தைக் கண்டுகொண்டார்கள். ஒரு தடவை மனத்தை உருக்கிய வித்தை, பத்தாம் தடவை உருக்கவில்லை.

2018 செப்டம்பர் 21-ந் தேதி, டெல்டேல் கம்பெனி சுமார் 250 பேரை ஒரே நாளில் வேலையிலிருந்து நீக்கியது. 25 பேர்தான் மிஞ்சினார்கள். கிளமென்டைன் கதையின் கடைசி வரிசை அப்போது பாதியில் நின்றது. சித்திரக்கதை ஆசிரியர் கிர்க்மனின் "ஸ்கைபவுண்ட்" நிறுவனம் அதை ஏற்று, 2019 மார்ச்சில் முடித்துக் கொடுத்தது. டெல்டேல் என்ற பெயரை அதே ஆண்டில் வேறு ஒரு நிறுவனம் வாங்கிக்கொண்டது.

யார் ஆடலாம்?

கதை கேட்பதில் ஆசை உள்ளவர்கள் ஆடலாம். துப்பாக்கி விளையாட்டு தெரிந்திருக்க வேண்டியது இல்லை. சித்திரக்கதை போலத் தடித்த கோடுகளால் வரைந்த படங்கள் கண்ணுக்குப் புதுமையாக இருக்கும்.

ஒரு தடவை ஆடினால் போதும். "வேறு பதில் சொல்லியிருந்தால் என்ன ஆகும்?" என்று மறுபடி ஆடிப் பார்ப்பவர்கள், மேடைக்குப் பின்னால் போய்ப் பொம்மலாட்டக் கயிற்றைப் பார்ப்பவர்கள். அவர்களுக்கு ஏமாற்றம் நிச்சயம்.

வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால், அவர்கள் தூங்கிய பிறகு ஆடுவது நல்லது. செல்போனிலும் கிடைப்பதால், வயது முத்திரையைக் கவனிக்க வேண்டியவர்கள் பெற்றோர்தாம். சிறுமி ஒருத்தி முக்கிய பாத்திரம் என்பதைப் பார்த்துக் குழந்தைகள் கதை என்று நினைத்துவிடக்கூடாது. அவளை வளர்ப்பவர் படும் பாடுதான் இந்தக் கதை. அது பெரியவர்களுக்கு உரியது.